புற்றுநோய்க் கட்டி எப்படி வளர்கிறது? குணமான பின்பும் ஏன் திரும்பி வருகிறது? – பரிணாம மாதிரிகள் தரும் விளக்கம்

"மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது. ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நிம்மதியடைந்தோம். ஒரு வருடம் கழித்து மறுபடியும் வந்துவிட்டது. முன்பு கேட்ட அதே மருந்து இப்போது கேட்கவில்லை."

புற்றுநோயைச் சந்தித்த குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அதன் பிறகு வீட்டுக்குள் குற்றச்சாட்டுகள் தொடங்கும். சாப்பாட்டில் கவனமாக இல்லை என்பார் ஒருவர். மருத்துவர் தவறாக மருந்து கொடுத்துவிட்டார் என்பார் இன்னொருவர். நோயாளியோ, தன்னால்தான் இப்படி ஆனது என்று தனக்குள் நொந்துகொள்வார்.

பெரும்பாலான நேரங்களில் காரணம் இவை எதுவுமில்லை. கட்டியின் இயல்பிலேயே அது இருக்கிறது. உடலில் இருக்கும் காலம் முழுவதும் கட்டி மாறிக்கொண்டே இருக்கிறது. நாம் கொடுக்கும் மருந்துக்கு ஏற்பவும் மாறுகிறது. இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் கடந்த 70 ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் கருவிதான் பரிணாம மாதிரிகள். அவை என்ன சொல்கின்றன, சிகிச்சையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அதனால் என்ன பயன் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பரிணாமம் என்ற சொல் இங்கே எதைக் குறிக்கிறது?

பரிணாமம் என்றதும் நம்மில் பலருக்கு மனிதனின் தோற்றம் பற்றிய விவாதம்தான் நினைவுக்கு வரும். அந்த விவாதம் இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல. இங்கே பேசப்படுவது ஒரு மனிதரின் உடலுக்குள், சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ, செல்களின் கூட்டத்தில் நடக்கும் மாற்றம் மட்டுமே. அதை மருத்துவமனை ஆய்வகத்தில் நேரடியாக அளந்து பார்க்கலாம்.

இந்த மாற்றம் நடக்க மூன்று விஷயங்கள் போதும். முதலாவது, செல்கள் பெருக வேண்டும். இரண்டாவது, பெருகும்போது ஒன்றுக்கொன்று சிறு வேறுபாடுகள் உண்டாக வேண்டும். மூன்றாவது, அந்த வேறுபாடுகளில் சில, செல் பிழைத்திருக்கவோ வேகமாகப் பெருகவோ உதவ வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால், காலப்போக்கில் உதவியான மாற்றத்தைப் பெற்ற செல்களின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

இது நமக்குப் புதிதல்ல. வயலில் ஒரே பூச்சிமருந்தை வருடக்கணக்கில் அடித்தால், அதற்குச் சாகாத பூச்சிகளே மிஞ்சிப் பெருகுகின்றன. காசநோய்க்கு ஒரே மாத்திரையை மட்டும் கொடுத்தால், அதற்கு மசியாத கிருமிகள் மிஞ்சுகின்றன. புற்றுநோய்க் கட்டிக்குள் நடப்பதும் இதுவே.

மாதிரி என்பது இந்த நிகழ்வைக் கணக்காக எழுதிப் பார்ப்பது. வானிலை ஆய்வாளர்கள் காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு நாளை மழை பெய்யுமா என்று கணிக்கிறார்கள் அல்லவா? அதுபோல எத்தனை செல்கள், எவ்வளவு வேகத்தில் பிரிகின்றன, எத்தனை சாகின்றன, எவ்வளவு அடிக்கடி மாறுகின்றன என்பவற்றைக் கொண்டு கட்டியின் போக்கைக் கணிக்க முயல்கிறார்கள்.

ஒரு செல்லில் தொடங்கிப் பல படிகளில்

புற்றுநோய் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை என்பதை முதலில் காட்டியது ஒரு கணக்குதான். 1954ஆம் ஆண்டு பீட்டர் ஆர்மிட்டேஜ், ரிச்சர்ட் டால் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பல வகைப் புற்றுநோய்களில் இறப்பு விகிதம் வயதின் ஆறாவது அடுக்கைப் போல உயர்வதைக் கண்டார்கள். அதாவது வயது இரு மடங்கானால் ஆபத்து ஏறத்தாழ 64 மடங்காகிறது. ஒரு செல்லில் ஏறக்குறைய ஏழு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால்தான் நோய் உருவாகும் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு பொருந்தியது. முதுமையில் புற்றுநோய் அதிகம் வருவதற்கு முக்கியக் காரணம், படிகள் ஒவ்வொன்றாகச் சேர நீண்ட காலம் பிடிப்பதுதான்.

1971இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன், குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயில் 48 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார். பரம்பரையாக வரும் வகையில் ஒரு பழுது பிறவியிலேயே வந்துவிடுகிறது. பிறகு இன்னொரு பழுது போதும். பரம்பரையில்லாத வகையில் இரண்டும் பிறந்த பின்பு நடக்க வேண்டும். அதனால்தான் பரம்பரை வகை இளம் வயதிலேயே, பல நேரங்களில் இரு கண்களிலும் வருகிறது என்று விளக்கினார். பின்னாளில் அந்த மரபணுவே கண்டுபிடிக்கப்பட்டு அவர் கணக்கு சரியென்று ஆனது.

இவற்றையெல்லாம் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் நோவல். 1976இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: பெரும்பாலான கட்டிகள் ஒரே செல்லிலிருந்து தொடங்குகின்றன. அந்தச் செல்லின் வாரிசுகள் பெருகும்போது மேலும் மேலும் மாறுகின்றன. அவற்றில் வலுவானவை மற்றவற்றை முந்துகின்றன. ஆகவே ஒருவருக்கு வரும் கட்டி இன்னொருவருக்கு வருவதைப் போல இருக்காது. ஒரே கட்டியும் காலம் செல்லச் செல்ல வேறாகிவிடும். இன்று ஆளுக்கு ஏற்ற சிகிச்சை என்று பேசப்படுவதன் அடிப்படை இந்தக் கருத்துதான்.

பெருங்குடல் புற்றுநோயில் இந்தப் படிகளை எரிக் ஃபியரான், பெர்ட் வோகல்ஸ்டீன் இருவரும் 1990இல் வரிசைப்படுத்திக் காட்டினார்கள். சிறு திசு வளர்ச்சி தோன்றுவதில் ஏ.பி.சி. என்ற மரபணுவின் பழுது, அது பெரிதாவதில் கே-ராஸ் மரபணுவின் மாற்றம், புற்றாக மாறும் கட்டத்தில் பி53 என்ற காவல் மரபணுவின் இழப்பு என்று அந்த வரிசை பொதுவாக அமைகிறது. குடலில் இந்தச் சிறு வளர்ச்சிகளைக் கொலோனோஸ்கோபி மூலம் கண்டு அகற்றிவிட்டால் புற்றுநோயையே தடுக்க முடிவதற்கு இதுவே காரணம்.

கட்டியின் வளர்ச்சிக் கணக்கு

ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 முறை இரட்டித்தால் 107 கோடி செல்களுக்கு மேல் ஆகிவிடும். அது சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டி. கையில் தட்டுப்படும், ஸ்கேனில் தெரியும். இன்னும் 10 முறை இரட்டித்தால் ஒரு லட்சம் கோடி செல்கள். எடை சுமார் ஒரு கிலோ. அதாவது, கட்டி நம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் அதன் பயணத்தில் முக்கால் பங்கு முடிந்துவிட்டது.

உண்மையில் கட்டி இப்படிச் சீராக இரட்டிப்பதில்லை. பல செல்கள் இடையிலேயே சாகின்றன. இரத்தப் புற்றுநோயின் செல்களைப் போல இவை தனித்தனியாக மிதந்து திரிவதில்லை, நெருக்கியடித்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உணவும் ஆக்சிஜனும் இரத்தக் குழாயிலிருந்து கசிந்துதான் வர வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தூரத்துக்கு அப்பால் ஆக்சிஜன் எட்டாது. ஆகவே கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் புதிய இரத்தக் குழாய்களைத் தன் பக்கம் இழுத்தாக வேண்டும். இதை 1971இல் ஜூடா ஃபோக்மன் எடுத்துரைத்தார்.

இதனால் கட்டியின் வளர்ச்சி தொடக்கத்தில் வேகமாகவும் பெரிதான பின் மெதுவாகவும் இருக்கிறது. இந்த வளைவுக்கு காம்பெர்ட்ஸ் வளைவு என்று பெயர். பெஞ்சமின் காம்பெர்ட்ஸ் 1825இல் மனிதர்களின் இறப்பு விகிதத்துக்காக எழுதிய சூத்திரம் அது. 1964இல் அன்னா லேயர்ட் என்பவர் அது கட்டிகளின் வளர்ச்சிக்கும் பொருந்துவதைக் காட்டினார்.

இந்தக் கணக்கு ஏட்டோடு நின்றுவிடவில்லை. சிறிய கட்டி வேகமாக வளரும் என்றால், கீமோதெரபி கொடுத்துச் சுருக்கிய கட்டியும் அடுத்த தவணைக்குள் வேகமாக மீண்டும் வளரும். அப்படியானால் தவணைகளுக்கு இடையேயான இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று லாரி நார்ட்டன், ரிச்சர்ட் சைமன் இருவரும் 1977இல் சொன்னார்கள். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருந்த சுமார் 2,000 பெண்களிடம் இது சோதிக்கப்பட்டது. 21 நாட்களுக்கு ஒருமுறை தருவதைவிட 14 நாட்களுக்கு ஒருமுறை தந்தபோது நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் அதிகம் என்று 2003இல் முடிவு வெளியானது. இன்று பல பெண்கள் பெறும் இரு வார இடைவெளிச் சிகிச்சையின் பின்னணி இதுதான்.

ஒரே கட்டிக்குள் பல கட்டிகள்

மரபணுக்களைப் படிக்கும் தொழில்நுட்பம் மலிவான பிறகு, நோவல் சொன்னதை நேரில் பார்க்க முடிந்தது. லண்டனில் சார்லஸ் ஸ்வாண்டன் தலைமையிலான குழு, சிறுநீரகப் புற்றுநோய்க் கட்டிகளின் பல இடங்களிலிருந்து தனித்தனித் துண்டுகளை எடுத்துப் படித்தது. 2012இல் வெளியான முடிவு மருத்துவர்களை யோசிக்க வைத்தது. ஒரு கட்டியில் கண்ட மரபணு மாற்றங்களில் 63 முதல் 69 சதவீதம் வரை எல்லா இடங்களிலும் காணப்படவில்லை. ஓர் ஊசியில் எடுத்த பயாப்சி கட்டி முழுவதையும் காட்டிவிடாது என்பது இதிலிருந்து தெளிவானது.

மாற்றங்களை வரிசைப்படுத்தினால் அது ஒரு குடும்ப மரம் போல அமைகிறது. எல்லாச் செல்களுக்கும் பொதுவான மாற்றங்கள் அடிமரம். சில பகுதிகளில் மட்டும் உள்ளவை கிளைகள். அடிமரத்தைத் தாக்கும் மருந்து எல்லாச் செல்களையும் எட்டும். கிளையை மட்டும் தாக்கும் மருந்து அந்தக் கிளையைத்தான் வெட்டும், மற்றவை தழைக்கும்.

இதே குழுவினர் 2014இல் டிரேசர்-எக்ஸ் என்ற பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களை, நோய் கண்டறிந்த நாளிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு இது. முதல் 100 நோயாளிகளின் முடிவு 2017இல் வந்தது. குரோமோசோம்கள் துண்டு துண்டாகக் கூடுவதும் குறைவதும் எவருடைய கட்டியில் இடத்துக்கு இடம் அதிகம் மாறுபட்டதோ, அவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து அதிகமாக இருந்தது. கட்டியிலிருந்து இரத்தத்தில் கசியும் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடினால், சிலருக்கு ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே நோய் திரும்புவதை அறிய முடியும் என்பதும் தெரிய வந்தது.

கட்டி வளரும் வழிகள்

எல்லாக் கட்டிகளும் ஒரே வழியில் வளர்வதில்லை. ஆய்வாளர்கள் பேசும் மாதிரிகளை நான்காகச் சுருக்கலாம்.

நேர்க்கோட்டு வளர்ச்சி: ஒரு மாற்றம் பெற்ற செல்களின் கூட்டம் பழையதை முழுவதுமாக விலக்கிவிட்டு இடத்தைப் பிடிக்கிறது. பிறகு இன்னொன்று அதை விலக்குகிறது. பெருங்குடலின் படிவரிசை தொடக்கத்தில் இப்படித்தான் விளக்கப்பட்டது.

கிளை வளர்ச்சி: பல கூட்டங்கள் ஒரே நேரத்தில் அருகருகே வாழ்கின்றன. சிறுநீரகப் புற்றுநோயில் கண்டது இது.

பெருவெடிப்பு வளர்ச்சி: 2015இல் ஆண்ட்ரியா சொட்டோரிவா உள்ளிட்ட குழுவினர் 15 பெருங்குடல் கட்டிகளின் 349 சுரப்பித் திசுக்களைத் தனித்தனியாக ஆராய்ந்து முன்வைத்தது. முக்கியமான மாற்றங்கள் கட்டி மிகச் சிறியதாக இருக்கும்போதே நடந்துவிடுகின்றன. பிறகு எல்லாக் கிளைகளும் சேர்ந்து ஊதிப் பெருகுகின்றன என்பது இதன் கருத்து. இது சரியானால், ஒரு கட்டி ஆபத்தானதா சாதுவானதா என்பது மிக முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

நடுநிலை வளர்ச்சி: புதிய மாற்றங்களில் பெரும்பாலானவை செல்லுக்கு நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை, வெறுமனே சேர்ந்துகொண்டே போகின்றன. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 3.5 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரே ஒரு கல்லீரல் கட்டியிலிருந்து ஏறத்தாழ 300 துண்டுகள் எடுக்கப்பட்டன. அந்த ஒரு கட்டிக்குள் புரதங்களை உருவாக்கும் மரபணுப் பகுதிகளில் மட்டும் 10 கோடிக்கும் அதிகமான மாற்றங்கள் இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது.

எந்தக் கட்டிக்கு எந்த மாதிரி பொருந்தும் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது. ஒரே கட்டி ஆரம்பத்தில் ஒரு வழியிலும், மருந்து கொடுத்த பிறகு வேறு வழியிலும் வளரக்கூடும். கடைசி மாதிரியில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இன்று பயனற்றுக் கிடக்கும் ஒரு மாற்றம், நாளை ஒரு குறிப்பிட்ட மருந்து வரும்போது அந்தச் செல்லைக் காப்பாற்றும் கவசமாகிவிடலாம்.

இடத்தின் பங்கையும் மறக்கக் கூடாது. கட்டியின் நடுவில் இருக்கும் செல்கள் நெருக்கடியில் முடங்க, ஓரத்தில் இருப்பவை வளர்கின்றன. 2015இல் பார்டெக் வாக்லாவ் உள்ளிட்டோர் வெளியிட்ட ஒரு மாதிரி, செல்கள் மிகச் சிறிய தூரம் நகர்ந்தாலே போதும், கட்டியின் வளர்ச்சி வேகம் பெரிதும் கூடிவிடும் என்று காட்டியது.

மருந்து ஏன் தோற்கிறது?

இதற்கான விடை பாக்டீரியா ஆய்வில் கிடைத்தது. சால்வடோர் லூரியா, மேக்ஸ் டெல்புரூக் இருவரும் 1943இல் ஒரு சோதனை செய்தார்கள். வைரஸ் தாக்கும்போது சில பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொள்கின்றன. வைரஸைக் கண்ட பிறகு அவை மாறிக்கொண்டனவா, அல்லது முன்பே மாறியிருந்தனவா? முன்பே மாறியிருந்தன என்று நிரூபித்தார்கள். 1969இல் நோபல் பரிசு பெற்றார்கள். இதே கணக்கை 1979இல் ஜேம்ஸ் கோல்டி, ஆண்ட்ரூ கோல்ட்மன் என்ற கனடா ஆய்வாளர்கள் புற்றுநோய்க்குப் பொருத்தினார்கள்.

ஓர் எளிய உதாரணம். கோடியில் ஒரு செல்லுக்கு ஒரு மருந்தைத் தாங்கும் மாற்றம் தற்செயலாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கோடி செல்கள் உள்ள ஒரு சென்டிமீட்டர் கட்டியில், மருந்தின் முதல் சொட்டு இறங்குவதற்கு முன்பே அப்படிப்பட்ட செல்கள் சுமார் நூறு இருக்கும். மருந்து மற்ற எல்லாவற்றையும் கொன்றுவிடும். ஸ்கேனில் கட்டியே இல்லை என்று வரும். அந்த நூறும் இப்போது போட்டியில்லாத காலி இடத்தில் பெருகத் தொடங்கும்.

இது நோயாளிகளிடமே காணப்பட்டது. பெருங்குடல் புற்றுநோய்க்கு பனிட்டுமுமாப் என்ற மருந்து பெற்றவர்களின் இரத்தத்தை 2012இல் லூயிஸ் டயஸ் குழுவினர் தொடர்ந்து பரிசோதித்தார்கள். சிகிச்சைக்கு முன் கே-ராஸ் மாற்றம் இல்லாதவர்கள் என்று கருதப்பட்ட 24 பேரில் 9 பேருக்கு, பெரும்பாலும் ஐந்தாறு மாதங்களில், அந்த மாற்றம் இரத்தத்தில் தோன்றியது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தது ஏன்? அந்தச் செல்கள் சிகிச்சைக்கு முன்பே சிறு எண்ணிக்கையில் இருந்தால்தான் அப்படி நடக்க முடியும் என்று கணித மாதிரி சொன்னது.

ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றமுள்ள நுரையீரல் புற்றுநோயிலும் இதே நிலைதான். ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் மாத்திரைகள் முதலில் அருமையாக வேலை செய்யும். பிறகு நோய் மீண்டும் தலைதூக்கும்போது ஏறக்குறைய பாதிப் பேரிடம் டி790எம் என்ற புதிய மாற்றம் காணப்படுகிறது. அதற்கென்றே ஒசிமெர்ட்டினிப் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. நோய் திரும்பும்போது மருத்துவர் மறுபடியும் பயாப்சியோ இரத்தப் பரிசோதனையோ கேட்பது இதற்காகத்தான்.

ஒரு மருந்தா, கூட்டு மருந்தா?

காசநோய்க்கு முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும் என்பதே அதன் காரணம். புற்றுநோயிலும் கணக்கு அதேதான். ஒரு மருந்துக்குத் தப்புவது கோடியில் ஒன்று என்றால், தொடர்பில்லாத இரண்டு மருந்துகளுக்கும் ஒரே செல் தப்புவது கோடி கோடியில் ஒன்று. அவ்வளவு செல்கள் உடலில் உள்ள கட்டிகளில் இருக்காது.

2013இல் இவானா போசிச் உள்ளிட்டோர் 20 மெலனோமா நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு இந்தக் கணக்கை விரிவாகச் செய்தார்கள். இரண்டு இலக்கு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தருவதைவிட ஒரே நேரத்தில் தருவதே பலன் தரும் என்றார்கள். ஆனால் ஒரே மாற்றம் இரண்டு மருந்துகளிலிருந்தும் காப்பாற்றக்கூடியதாக இருந்தால் கூட்டு மருந்தும் தோற்கும் என்பதையும் காட்டினார்கள். அதோடு பக்க விளைவுகளை உடல் தாங்குமா என்பதும் கேள்வி. அதனால்தான் எத்தனை மருந்து, எந்த மருந்து என்பது நோயாளிக்கு நோயாளி மாறுகிறது.

அழிப்பதா, அடக்கி வைப்பதா?

முழுவதுமாக அழிக்க முடியாத அளவுக்குப் பரவிய நோயில் வேறொரு யோசனையைச் சோதித்துவருகிறார்கள். அமெரிக்காவின் டாம்பா நகரிலுள்ள மோஃபிட் புற்றுநோய் மையத்தின் ராபர்ட் கேட்டன்பி, விவசாயத்தில் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் முறையிலிருந்து இதை எடுத்துக்கொண்டார். பூச்சிகளை ஒரேயடியாக ஒழிக்க முயன்றால் மருந்துக்குச் சாகாதவை மட்டும் மிஞ்சும். மருந்துக்குச் சாகும் பூச்சிகளையும் ஓரளவு விட்டுவைத்தால், அவை மற்றவற்றுடன் போட்டி போட்டு அடக்கி வைக்கும்.

பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு அபிராட்டெரோன் மருந்து பெற்றவர்களிடம் இது சோதிக்கப்பட்டது. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகக் குறைந்ததும் மருந்தை நிறுத்தினார்கள். பழைய அளவுக்கு ஏறியதும் மீண்டும் தொடங்கினார்கள். 2017இல் 11 பேரிடம் கிடைத்த முதல் முடிவில், வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவான மருந்தே தேவைப்பட்டது. 2022இல் வெளியான முடிவில், இந்த முறையில் இருந்த 17 பேருக்கு நோய் மோசமாகும் வரையிலான இடைநிலைக் காலம் 33.5 மாதங்கள்; வழக்கமான முறையில் இருந்த 16 பேருக்கு 14.3 மாதங்கள்.

எண்கள் நம்பிக்கையூட்டுகின்றன. ஆனால் இது மிகச் சிறிய ஆய்வு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்ததல்ல. பெரிய சோதனைகள் நடந்துவருகின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் உள்ள நோய்க்கு இந்த முறை பொருந்தாது. அங்கே முழுவதுமாக அழிப்பதே இலக்கு.

ஆரோக்கியமான உடலிலும் இதே போட்டி

புற்றுநோய் இல்லாதவர்களின் உடலிலும் மாறிய செல்கள் உண்டு. 2018இல் இனிகோ மார்டின்கொரெனா குழுவினர் 20 முதல் 75 வயது வரையான ஒன்பது பேரின் உணவுக்குழாய்த் திசுவை ஆராய்ந்தார்கள். நடுவயதைத் தாண்டியவர்களிடம் மாறிய செல்கள் உணவுக்குழாயின் பெரும்பகுதியைப் பிடித்திருந்தன. அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. ஒரு மாற்றம் இருப்பதாலேயே புற்றுநோய் என்று ஆகிவிடாது. உடல் பல அடுக்குக் காவலுடன் படைக்கப்பட்டிருக்கிறது.

யானையின் உடலில் நம்மைவிட எத்தனையோ மடங்கு செல்கள். கணக்குப்படி யானைகளுக்குப் புற்றுநோய் மிக அதிகம் வர வேண்டும், வருவதில்லை. மனிதரிடம் ஒரு ஜோடியாக மட்டும் இருக்கும் பி53 காவல் மரபணுவின் நகல்கள் யானையிடம் சுமார் 20 ஜோடி இருப்பது 2015இல் வெளியானது. படைப்பாளனின் நுட்பத்தைச் சிந்திக்க இதுவும் ஓர் அத்தாட்சி.

அந்தக் காவலை நாமே உடைப்பதும் உண்டு. வெற்றிலை, பாக்கு, புகையிலையை வாயில் அடக்கி வைப்பவர்களுக்கு ஒரே இடம் மட்டும் கெடுவதில்லை. வாயின் உட்பகுதி முழுவதிலும் மாறிய செல்கள் பரவுகின்றன. ஒரு கட்டியை வெட்டியெடுத்த பிறகும் பக்கத்தில் இன்னொன்று வருவதற்கு இதுவே காரணம் என்று 1953இலேயே டேன்லி ஸ்லாட்டர் விளக்கினார். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில் அறிவித்தது. நம் வீட்டுத் திருமணங்களிலும் விருந்துகளிலும் தாம்பூலத் தட்டு நீட்டும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.

நல்ல செய்தியும் உண்டு. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், புகைப்பதை விட்டவர்களின் நுரையீரல் குழாய்களில், புகையால் பெரிதும் கெடாத செல்கள் 20 முதல் 40 சதவீதம் வரை காணப்பட்டன. இன்னும் புகைப்பவர்களிடம் இருப்பதைப்போல இது நான்கு மடங்கு. புகையை நிறுத்தினால் போட்டியில் நல்ல செல்களின் கை ஓங்குகிறது. எந்த வயதில் விட்டாலும் பயன் உண்டு.

குடும்பங்கள் கவனத்தில் கொள்ள வேண்டியவை

முதலாவது, சீக்கிரம் கண்டறிவது. கட்டி சிறியதாக இருக்கும்போது மருந்துக்குத் தப்பும் செல்களும் குறைவு, கிளைகளும் குறைவு. ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மலத்தில் இரத்தம், மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு ஆகியவற்றை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். குறிப்பாகப் பெண்கள் சொல்லத் தயங்கி மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது வீட்டிலுள்ள ஆண்களின் பொறுப்பு.

இரண்டாவது, தவணைகளைத் தவறவிடாமல் இருப்பது. இடைவெளி நீண்டால் மிஞ்சிய செல்கள் வேகமாகப் பெருகும் என்பதை மேலே பார்த்தோம். ரமளான் வருகிறது, நோன்பு முடியட்டும் என்று சிலர் கீமோதெரபியைத் தள்ளிப்போடுகிறார்கள். நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மருத்துவரிடமும் மார்க்க அறிஞரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். சிகிச்சையை நீங்களாகத் தள்ளிவைக்காதீர்கள்.

மூன்றாவது, நோய் திரும்பினால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். மறுபடியும் பயாப்சி அல்லது இரத்தப் பரிசோதனை தேவையா? புதிய மரபணு மாற்றம் ஏதும் வந்திருக்கிறதா? அதற்கு வேறு மருந்து உண்டா? பழைய அறிக்கைகள் அனைத்தையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

நான்காவது, ஒரே மருந்தில் எல்லாப் புற்றுநோயும் தீரும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பாதீர்கள். ஒரே கட்டிக்குள்ளேயே இத்தனை வகைச் செல்கள் இருக்கும்போது, எல்லோருடைய எல்லாக் கட்டிகளுக்கும் ஒரே மருந்து என்பது எப்படிப் பொருந்தும்? அதை நம்பிச் சிகிச்சையை விட்டவர்கள் இழப்பது திரும்பக் கிடைக்காத மாதங்களை.

ஐந்தாவது, யாரையும் குறை சொல்லாதீர்கள். நோய் திரும்பியது நோயாளியின் தவறு என்றோ, கவனித்துக்கொண்ட மகளின் தவறு என்றோ முடிவு கட்ட இந்த அறிவியலில் இடமில்லை. மருந்துக்குத் தப்பும் செல்கள் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே அங்கே இருந்தவை.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது. நோயுற்றிருக்கும் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன்.